அகமும் புறமும்: சீனத்து முதியோரும் அவர்தம் சமூக வாழ்வும்

முதுமையைப் போற்றிய நாடு என்று சீனத்தைக் கூறுதல் வழக்கம். அவ்வழக்கிற் பிழையில்லை, ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. போற்றப்பட்ட முதுமை யாருடையது, அது எவ்விடத்தில் வைத்துப் போற்றப்பட்டது என்னும் வினாக்களை எழுப்புவோமாயின், கிழவருக்கு ஒரு வரலாறும் கிழவியருக்கு வேறொரு வரலாறும் இருத்தலைக் காண்போம். அவ்விரண்டையும் இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

சீனரின் பழைய ஒழுக்க நூல்களுள் ஒன்றாகிய ‘லி ஜி’, ஹான் பேரரசின் காலத்தில் தொகுக்கப்பெற்ற சடங்கு நூலாகும். மனைவாழ்க்கையின் விதிகளைக் கூறும் அதிகாரம் ஒன்று அதிலுண்டு. வீட்டின் உட்பகுதி பெண்ணுக்குரியது, வெளிப்பகுதி ஆணுக்குரியது. உட்செய்தியை ஆண் பேசலாகாது, வெளிச்செய்தியைப் பெண் பேசலாகாது என்பது அதன் அடிப்படை. சீன மொழியில் உள்ளிடத்தை ‘நேய்’ என்றும் வெளியிடத்தை ‘வாய்’ என்றும் கூறுவர். இரண்டாவது சொல் தமிழ்ச் செவிக்குச் சிறிது நகை விளைவிக்குமேனும், நாம் அகம், புறம் என்று கூறுவனவற்றுக்கு இவை மிக அணித்தாக நிற்கின்றன. ஒரு வேறுபாடு மாத்திரம் உளது. பழந்தமிழர் பாட்டை அகமென்றும் புறமென்றும் பகுத்தனர். சீனர் வீட்டையே பகுத்தனர். கணவனும் மனைவியும் தத்தம் உடைமைகளை ஓரிடத்தில் வைத்தலும் ஆகாது என்ற அந்நூல், ஒரு விலக்கை அளிக்கின்றது: எழுபது வயதை எய்திய பின்னர் அவர்தம் பொருள்கள் ஒன்றாக இருக்கலாம். இச்சிறு விதி கருதத்தக்கது. முதுமை வந்தால் நடுச்சுவர் தளரும் என்பதை விதி வகுத்தோரே ஒப்புக்கொண்டனர். சீனத்துக் கிழவியர் பிற்காலத்தில் தேடிக்கொண்ட உரிமைகள் பலவும் இத்தளர்ச்சியின் வழியே வந்தவையாம்.

பெண் இளமையில் தந்தைக்கும், மணந்தபின் கணவனுக்கும், கைம்மையில் மகனுக்கும் அடங்குதல் வேண்டும் என்ற மூவகை அடக்கமும் அந்நாளிலேயே விதிக்கப்பட்டது. நம் பக்கத்துத் தரும நூல்களை அறிந்தோர்க்கு இது புதிதன்று. ஆனால் இதே கொன்பூசியஸ் நெறி, மகன் தாயைத் தெய்வம்போற் பேணி அவள் சொற்படி ஒழுகுதல் வேண்டும் என்றும் கட்டளையிட்டது. மகனுக்கு அடங்கவேண்டிய தாய். தாய்க்கு அடங்கவேண்டிய மகன். இம்முரணை எவரும் தீர்த்து வைக்கவில்லை. தீராதிருந்த அம்முரணிலேதான் கிழவியரின் ஆற்றல் தங்கியிருந்தது.

இதற்குத் தக்க சான்று பான் சாவோ என்னும் பேரறிவாட்டி. கி. பி. 45-ஆம் ஆண்டளவிற் பிறந்து ஏறக்குறைய 116 வரை வாழ்ந்த இவ்வம்மையார் இளமையிலேயே கணவனை இழந்தார். தமையன் பான் கு, ஹான் மரபின் வரலாற்றை எழுதி முடியாத நிலையில் 92-ஆம் ஆண்டு சிறையில் இறந்தபோது, பேரரசர் இவரை அழைத்து அப்பெருநூலை நிறைவுசெய்யப் பணித்தார். அரசமாதேவி தெங் இவரிடம் கல்வி கற்றார். பின்னர்த் தேவியார் ஆட்சிப் பொறுப்பை ஏற்றபோது அரசியற் காரியங்களிலும் இவரைக் கலந்துகொண்டார். அறுபது வயதை அண்மிய காலத்தில் பான் சாவோ இயற்றிய ‘பெண்டிர்க்கு அறிவுரை’, பெண் தாழ்மையும் பணிவும் உடையவளாய் வீட்டினுள் ஒடுங்கி வாழ்தலே சிறப்பென்று வற்புறுத்துகின்றது. அகத்தின் சட்டத்தை எழுதியவர் தம் முதுமையைப் புறத்திற் கழித்தார்! அந்நூலைப் பிற்காலத்துப் பெண்கள் பதினெட்டு நூற்றாண்டுகளாக மனனஞ் செய்தார்கள். நூலாசிரியரின் வாழ்க்கையைப் பின்பற்றும் வாய்ப்பு அவர்களுள் மிகச் சிலருக்கே கிட்டியது.

ஆடவருக்கோ முதுமை என்பது மன்றத்தில் ஓர் ஆசனம் கிடைக்கும் பருவமாயிருந்தது. தாங் மரபின் பெரும்புலவர் பாய் ஜூயி, 845-ஆம் ஆண்டில் லோயாங் நகரில் தம்மொத்த முதியோரைக் கூட்டிக் கவிதையும் மதுவுமாகப் பொழுது போக்கினார். அக்குழு ‘ஒன்பது முதியோர்’ என்ற பெயரால் ஓவியர்களுக்கு நெடுங்காலம் பொருளாயிற்று. அதனை முன்மாதிரியாகக் கொண்டு 1082-இல் அதே லோயாங்கில் மூத்த அமைச்சர் வென் யென்போ ஒரு முதியோர் கழகம் அமைத்தார். அங்கே இருக்கை வரிசை பதவியால் அமையவில்லை, வயதால் அமைந்தது. வரலாற்றறிஞர் சீமா குவாங் எழுபதுக்குக் குறைந்தவராயினும் விலக்காகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். பதவிப் பற்று மிக்க ஒரு சமுதாயத்தில் இது வியப்புக்குரிய சமத்துவமே. ஆனால் அச்சமத்துவம் ஆண்களுக்குள்ளே அமைந்த சமத்துவம்.

அரசாங்கமும் கிழவரைப் பயன்படுத்திக்கொண்டது. மிங் மரபை நிறுவிய ஹொங்வூ பேரரசர் 1398-இல் வெளியிட்ட அறிவிப்பொன்றின்படி, ஐம்பது வயது கடந்த நன்மதிப்புடைய கிராமப் பெரியோர்கள் நில வழக்கு, மண வழக்கு, அடிதடி ஆகியவற்றை முதலில் விசாரித்துத் தீர்க்கவேண்டும். அவர்களைத் தாண்டி நீதிபதியிடம் ஓடுபவன் தண்டனைக்குரியவன். முதியவரோ கண் பார்வையற்றவரோ ஒருவர், மரநாவுடைய மணியை ஒலித்துக்கொண்டு மாதம் ஆறுமுறை தெருவழியே சென்று பேரரசரின் ஆறு அறவுரைகளை உரக்கக் கூறவேண்டும் என்பதும் அவ்வறிவிப்பில் உண்டு. ஊர்ப் பொதுவிருந்திலே மூத்தோர்க்கு முதற்கிண்ணம் வழங்கும் பண்டைச் சடங்கும் அவர் காலத்திற் புத்துயிர் பெற்றது. இவற்றுள் எதிலும் கிழவிக்கு இடமில்லை.

ஒரு முறை இடம் கிடைத்தது. சிங் மரபின் காங்சி பேரரசர் தம் அறுபதாம் ஆண்டு நிறைவை 1713-இல் கொண்டாடியபோது, நாடெங்குமிருந்து ஆயிரக்கணக்கான முதியவரை அழைத்து விருந்தளித்தார். இளவரசர்களே கிண்ணம் ஏந்திப் பரிமாற, முதியோர் எழுந்து நிற்றல் வேண்டாவென்றும் கட்டளையாயிற்று. ஆடவர் விருந்து முடிந்தபின், எழுபது வயது கடந்த மஞ்சுப் படைக்குடிப் பெண்டிர், அரசரின் தாயார் நிலையில் இருந்த பெருந்தேவியின் மாளிகை வாயிலிற் கூட்டப்பெற்று உபசரிக்கப்பட்டனர். தொண்ணூறு கடந்தோர் வாயிலின் உட்புறத்தும், ஏனையோர் வயதுக்கேற்ப அடுத்தடுத்தும் அமர்ந்தனர். தனி நாள், தனி வாயில் என்பதையும் கவனிக்க. அரச குலத்தார் மஞ்சு இனத்தவராதலின் அவர்தம் பெண்டிர் பாதங்கட்டும் வழக்கத்துக்கு உட்படவில்லை. வெளியே வருதலும் அவர்களுக்கு அத்துணை இழிவன்று.

அப்படியாயின், சாதாரணக் கிழவி எங்கே மனிதர்களோடு கூடினாள்? கோயிலிலே கூடினாள் என்பது முதல் விடை. கீழ்த்திசை மலையாகிய தாய்ஷானின் உச்சியிற் கோயில் கொண்ட பிக்சியா என்னும் தேவியைத் தரிசிக்க, 6,000-க்கும் மேற்பட்ட படிகளைக் கடந்து பெண்கள் திரள் திரளாகச் சென்றனர். பெண்கள் கோயிலுக்குச் செல்லலாகாதென்று அதிகாரிகள் மீண்டும் மீண்டும் தடையுத்தரவு பிறப்பித்தனர். மீண்டும் மீண்டும் பிறப்பிக்க நேர்ந்தமையே, அவ்வுத்தரவை எவரும் பொருட்படுத்தவில்லை என்பதற்குச் சான்று. பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த ‘சிங்ஷி யின்யுவான் சுவான்’ என்னும் நாவலில், இரண்டு கிழவியர் யாத்திரைச் சங்கம் ஒன்றை நடத்திப் பணந் திரட்டி, வீட்டுப் பெண்களைத் தாய்ஷானுக்கு அழைத்துச் செல்கின்றனர். ஆசிரியர் அவர்களை ஏளனஞ் செய்கிறார். அவ்வேளனத்தினூடே, நிதி சேர்த்து, வாகனம் அமர்த்தி, விடுதி ஏற்படுத்தும் திறமை எழுத்தறியாத கிழவியரிடம் இருந்தது என்பதும் தெளிவாகின்றது.

அதற்கும் முந்திய 1366-ஆம் ஆண்டு நூலொன்று ‘மூன்று அத்தையர், ஆறு பாட்டியர்’ என்று ஒரு பட்டியல் தருகின்றது. துறவுப் பெண்டிர், குறி சொல்வோர், தரகு பேசுவோர், மணம் பொருத்துவோர், மருந்து விற்போர், மருத்துவச்சியர் முதலானோர் அதில் அடங்குவர். இவர்களை வீட்டுக்குள் விடாதே என்பது கற்றோரின் எச்சரிக்கை. உண்மையில் உள்வீட்டுக்கும் வெளியுலகத்துக்கும் இடையே தடையின்றி நடமாடிய ஒரே கூட்டம் இம்முதிய பெண்களே. ஒரு தெருவிலே பத்து வீட்டுச் செய்தியும் அறிந்தவளை அஞ்சாதிருக்க எந்தத் தலைவனால் முடியும்?

துறவு நெறியிலும் ஒரு வாயில் திறந்திருந்தது; அவ்வாயிலைத் திறந்ததில் நம் இலங்கைக்கும் பங்குண்டு. ஐந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முறையான பெண் துறவியர் குழுவின்றித் தாம் பெற்ற தீட்சை செல்லுமோ என்ற ஐயம் சீனத்துப் பிக்குணியரிடையே எழுந்தது. 429-இல் நந்தி என்னும் மரக்கலத் தலைவனின் கப்பலிற் சிங்கள நாட்டுப் பிக்குணியர் இன்றைய நான்ஜிங் நகரை அடைந்தனர். எண்ணிக்கை போதாமையால் மீண்டும் சிலர் வரவழைக்கப்பட்டு, அதன்பின் முந்நூற்றுக்கும் மேற்பட்ட சீனப் பெண்கள் முறைப்படி தீட்சை பெற்றனர். பாவோசாங் என்ற துறவி ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பிக்குணியர் சரிதத்தில் 65 பெண்களின் வாழ்க்கை இடம்பெற்றுள்ளது. மகனையோ கணவனையோ சாராமல், கற்றும் கற்பித்தும் மூப்பெய்திய பெண்களை அதிற் காண்கின்றோம்.

தெற்கே ஹுனான் மாகாணத்து ஜியாங்யொங் மாவட்டத்திலே பெண்கள் தமக்கென ஓர் எழுத்தே வைத்திருந்தனர். ‘நூஷு’, அதாவது பெண்ணெழுத்து, என்பது அதன் பெயர். ஆடவர் பயிலும் சீன எழுத்துப் போலன்றி இது அசைகளின் ஒலியைக் குறிப்பது. சில நூறு வடிவங்களே உடையது. உடன்பிறவாச் சகோதரியராக உறுதி பூண்ட தோழியர், திருமணத்தால் பிரிந்தபின் விசிறியிலும் துணியிலும் இவ்வெழுத்தைப் பொறித்து ஒருவருக்கொருவர் அனுப்பினர். கைம்பெண்கள் தம் வாழ்க்கைத் துயரைப் பாட்டாக எழுதி, பிற பெண்கள் சூழ்ந்திருக்கப் பாடினர். உரியவள் இறந்தால் ஏடுகளை எரித்தல் அல்லது உடன் புதைத்தல் வழக்கமாதலின், பழைய ஏடுகள் மிகச் சிலவே எஞ்சின. 1980-களில் ஆய்வாளர் சென்று தேடியபோது, அவ்வெழுத்தை இயல்பாகக் கற்றிருந்தோர் ஒரு சில கிழவியரே. அவர்களுள் இறுதியானவராகக் கருதப்பெறும் யாங் ஹுவான்யி 2004-இல் மறைந்தார்.

குவாங்டொங் மாகாணத்து ஷுன்டே பிரதேசத்தின் செய்தி இன்னும் துணிவானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே பட்டு நூற்கும் ஆலைகள் எழுந்தன. கூலி கையில் வந்த பெண்கள் பலர், கூந்தலைத் தாமே வாரி முடித்து, மணஞ் செய்யோம் என்று சபதம் பூண்டனர். ஆனால் மணமாகாத மகள் பிறந்த வீட்டில் உயிர் விடலாகாது என்பது ஊர் வழக்கு. மூப்பு வந்தால் எங்கே படுப்பது, செத்தபின் யார் தூபமிடுவது என்பன அவர்களுக்கு வெறும் கவலைகளாக இருக்கவில்லை. அன்றாடக் கணக்குகளாக இருந்தன. ஆகவே பணம் சேர்த்துப் பொது மனைகள் எழுப்பினர். 1930-களிற் பட்டு வாணிகம் வீழ்ந்தபின் ஹொங்கொங்குக்கும் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் சென்று வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் அணிந்த வீட்டுப் பணியாளராயினர். சிங்கப்பூரிலிருந்தோர் அனுப்பிய பொருளைக் கொண்டு ஜுன்ஆன் என்னும் ஊரில் 1950-ஆம் ஆண்டளவில் எழுந்த பிங்யூ மண்டபம் இன்று அரும்பொருட்காட்சிச் சாலையாக உள்ளது. முதியோர் சங்கம் என்பதை அரசாங்கம் எண்ணிப்பார்க்கும் முன்னரே, எழுத்தறியாத இவ்வேலைக்காரிகள் ஒன்றை நடத்திக் காட்டினர் என்பதே என் கருத்து.

இருபதாம் நூற்றாண்டு சுவரை இடித்தது. ஆயினும் இடித்த கற்களை ஒரே சீராக அடுக்கவில்லை. பாதங்கட்டும் வழக்கை 1912-இல் குடியரசு தடைசெய்தது. 1950-ஆம் ஆண்டின் மணச் சட்டம் பெண்ணுக்குச் சம உரிமை வழங்கியது. ஆனால் 1951-இல் வந்த தொழிலாளர் காப்புறுதி விதிகள் ஆணுக்கு அறுபதிலும் பெண்ணுக்கு ஐம்பதிலும் ஓய்வு என்று வகுத்தன. சில ஆண்டுகளின் பின் அலுவலகப் பெண்டிர்க்கு மாத்திரம் ஐம்பத்தைந்து ஆயிற்று. பெண்ணுக்குச் சலுகை என்ற எண்ணத்தோடு செய்யப்பட்ட இவ்வேற்பாடு, ஒரு பெரும் விளைவை உண்டாக்கிற்று. ஆணின் வாழ்வு முழுவதும் தொழிற்சாலையோடு பிணைந்திருந்தது. நண்பர், வீடு, மருத்துவம், சீட்டாட்டம் யாவும் அங்கேயே. ஓய்வு பெற்ற அன்று அவனுக்கு உலகமே சுருங்கியது. பெண்ணுக்கோ, நல்ல உடல் வலிமையோடு இருபது முப்பது ஆண்டுகள் தெருவிலும் அயலிலும் கழிக்கக் கிடைத்தன.

அத்தெருவை ஆண்டவர்களும் பெண்களே. 1954-ஆம் ஆண்டு இறுதியிற் சட்டமாக்கப்பட்ட நகரக் குடியிருப்போர் குழுக்களில் பெரும்பாலும் வேலைக்குச் செல்லாத இல்லத்தரசியரும் முதிய பெண்களும் பணிபுரிந்தனர். தீப் பாதுகாப்பு, துப்புரவு, அயலார் பிணக்கு, எழுத்தறிவு வகுப்பு யாவும் அவர் கையில். கட்டுண்டு சிறுத்த பாதங்களோடு சந்து சந்தாகச் சுற்றிவந்த இக்கிழவியரைப் பெய்ஜிங் மக்கள் ‘சிற்றடித் துப்பறியும் படை’ என்று கேலிசெய்தனர். கேலியினுள்ளே அச்சமும் இருந்தது. அயலாரை அரசுக்காகக் கண்காணித்தவர்களும், பிற்காலத்தில் ஒரு குழந்தைக் கொள்கையை வீடு வீடாகச் சென்று வற்புறுத்தியவர்களும் இவர்களே. புறவெளியிற் பெண்ணுக்கு இடம் கிடைத்தது என்று மகிழ்வோர் இப்பக்கத்தையும் மறத்தலாகாது.

1982-க்குப் பின் மூத்த கட்சி அலுவலர்களை ஓய்வுபெறச் செய்யும் முறை வந்தது. அவர்களின் மனம் சலியாதிருக்கவென்றே 1983-இல் ஷான்டொங் மாகாணத் தலைநகராகிய ஜினான் நகரில் முதலாவது முதியோர் பல்கலைக்கழகம் தோன்றியது. ஓய்வுபெற்ற ஆண் அலுவலர்க்கென எழுந்த அந்நிலையங்கள் நாடெங்கும் பரவப் பரவ, வகுப்புகளை நிறைத்தவர்கள் பெண்களாயினர். இளமையில் மறுக்கப்பட்ட இசையையும் ஓவியத்தையும் நடனத்தையும் அவர்கள் தேடி வந்தனர்.

நடனத்தைப் பற்றித் தனியே கூறல் வேண்டும். வடசீனத்து ‘யாங்கே’ என்னும் நாட்டுக் கூத்திலே முன்னாளிற் பெண் வேடத்தையும் ஆணே புனைந்தான். 1940-களில் யேனான் நகரிலிருந்த பொதுவுடைமைக் கட்சியினர் அதனை ஆணும் பெண்ணும் ஆடும் அரசியற் கூத்தாக மாற்றினர். 1990-களின் பிற்பகுதியில் அரசாங்கத் தொழிற்சாலைகள் கோடிக்கணக்கானோரை வேலைநீக்கஞ் செய்தபோது, நடுவயதுப் பெண்களே முன்னணியில் நீக்கப்பட்டனர். வேலை, கூட்டம், தோழியர் யாவற்றையும் ஒருங்கே இழந்த அவர்கள், மாலைதோறும் சதுக்கங்களிற் கூடி ஆடத் தொடங்கினர். இளமையில் அணிவகுத்து ஆடிப் பழகிய தலைமுறை அது. ஒலிபெருக்கியின் இரைச்சலால் மாடி வீட்டார் வெகுண்டனர், வழக்குகளும் எழுந்தன. 2015-இல் அரசாங்கமே பன்னிரண்டு மாதிரி நடனங்களை வகுத்து ஒழுங்குபடுத்த முனைந்தது. கிழவியர் தம் விருப்பப்படியே ஆடினர்.

ஆடவர் அச்சதுக்கத்தின் ஓரத்திலே காணப்படுவர். கூண்டுப் பறவையைக் கொம்பில் தொங்கவிட்டு, சீனச் சதுரங்கப் பலகையைச் சுற்றி இருவர் ஆட எண்மர் பார்த்து நிற்பர். நீரில் தோய்த்த பெருந்தூரிகையாற் கல்தரையில் எழுதிக் காய்வதைப் பார்ப்பர். செங்டூ நகரத்துத் தேநீர்ச் சாலைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஆண்களுக்கேயுரியனவாயிருந்தன. அப்பழைமையின் சாயல் இன்னும் மறையவில்லை. கிராமங்களிலோ முதியோர் சங்கத்தின் தலைமையும் கோயிற் கணக்கும் கிழவரிடம். தூபமும் பாராயணமும் சமையலும் கிழவியரிடம்.

பெய்ஜிங் பல்கலைக்கழகம் 2011-இல் நாடளாவிய ஆய்வொன்றைத் தொடங்கி, நாற்பத்தைந்து வயது கடந்த 17,000-க்கும் மேற்பட்டோரை வினாவியது. சென்ற மாதத்தில் நண்பரோடு அளவளாவினீரா, மாஜோங்கோ சதுரங்கமோ ஆடினீரா, உடற்பயிற்சிக் குழுவிற் சேர்ந்தீரா, உம்மோடு வசிக்காத ஒருவருக்கு உதவினீரா என்பன போன்ற வினாக்கள் சமூகப் பங்கேற்பை அளக்கப் பயன்பட்டன. பயனுள்ள ஆய்வே. ஆயினும் ‘உம்மோடு வசிக்காத’ என்ற சொற்றொடரைக் கூர்ந்து நோக்குக. மகனின் குழந்தையை விடியல் முதல் இரவுவரை அதே வீட்டில் வளர்க்கும் பாட்டியின் உழைப்பு வேறோர் அட்டவணைக்குச் சென்றுவிடுகின்றது. இப்பகுதியில் அவள் பங்கேற்காதவளாகவே நிற்கிறாள். லி ஜி எழுப்பிய சுவர் வினாத்தாளிலே இன்னும் நிற்கின்றது போலும்.

அப்பாட்டியரின் தொகை சிறிதன்று. 2016-இல் வெளியான அரசாங்க அறிக்கை, சொந்த ஊரைவிட்டு வேற்றிடத்தில் வாழும் முதியோர் ஏறக்குறைய 1 கோடியே 80 இலட்சம் என்றது. பேரக்குழந்தையை வளர்க்கவென்று நகரம் புகுந்தோர் அவர்களுட் பலர். இத்தகைய குடும்பங்களிற் கிழவன் வயலைக் காத்து ஊரில் இருக்க, கிழவி மொழி வழக்கும் புரியாத நகரத்து அடுக்குமாடியில் இருப்பதுண்டு. குடிப்பதிவு வேறிடத்தில் இருப்பதால் மருத்துவக் காப்புறுதி பெறுதலும் அவளுக்கு எளிதன்று. எழுபது வயதில் கணவன் மனைவியின் உடைமைகள் ஒன்றாக இருக்கலாம் என்றது பழைய நூல். இவர்களோ எழுபதிற் பிரிந்து வாழ்கின்றனர்.

2020-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி சீனத்தில் அறுபது வயது கடந்தோர் 26 கோடியே 40 இலட்சம் பேர். மொத்தக் குடிகளில் 18.7 வீதம். இத்தொகை பெருகுவதைக் கண்டு, 2024 செப்டெம்பரில் ஓய்வு வயதை உயர்த்தும் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி முதலாம் திகதி தொடங்கிப் பதினைந்து ஆண்டுக் காலத்தில் அவ்வயது படிப்படியாக ஆடவருக்கு 63 ஆகவும், அலுவலகப் பெண்டிர்க்கு 58 ஆகவும், தொழிலாளப் பெண்டிர்க்கு 55 ஆகவும் உயரும். ஐம்பதில் விடுதலை பெற்றுச் சதுக்கத்துக்கு வந்த பெண் இனி ஐந்தாண்டு பிந்தி வருவாள். பேரக்குழந்தையை யார் கையில் ஒப்படைப்பது என்று இளந்தம்பதியர் இப்போதே கணக்கிடுகின்றனர். ஆலைத் தொழிலாளிகளான ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே 1951-இல் பத்தாண்டாக வகுக்கப்பட்ட இடைவெளி, அப்பதினைந்து ஆண்டும் கழிந்தபின் எட்டாண்டாக இருக்கும்.